நேசத்துக்குக் கிடைத்த வெள்ளைப் பட்டு

கொட்டாஞ்சேனையில் நேசத்தின் தையல் மெசின் ஓடாத நாள் பெரிய வெள்ளி ஒன்றுதான் என்று அயலுக்குள் ஒரு பேச்சு. அந்த மெசினின் சத்தத்தை வைத்தே அடுத்த வீட்டுப் பிறிஜெற் அவளுடைய மனதைச் சொல்லிவிடுவாள். விட்டு விட்டு ஓடினால் நேசம் சிறிலை நினைக்கிறாள். ஒரே மூச்சில் ஓடினால் யாரையோ உள்ளுக்குள் ஏசுகிறாள்.

சிறில் அவளுடைய புருஷன். கல்கத்தாவுக்குச் சாமான் ஏற்றிப்போகும் 'ஹார்டிங்' என்ற கப்பலில் ஸ்டோர் கிளாக். யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டானே ஓர் உயிர்த்த ஞாயிறு, அதற்கு முந்தின கிழமைதான் கப்பல் ஏறினான். "பெருநாளுக்கு இல்லாட்டியும் மாதா திருநாளுக்கு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மாதா திருநாள் இரண்டு வந்து போய்விட்டது, அவன் வரவில்லை.

கப்பல் கந்தோரில் போய்க் கேட்டால் "தகவல் இல்லை" என்றார்கள். செத்தான் என்றால் அழலாம். இருக்கிறான் என்றால் ஏசலாம். தகவல் இல்லை என்றால் ஒரு பெண்பிள்ளை என்னதான் செய்வது? நேசம் தாலிக்கொடியைக் கழற்றவில்லை, நல்ல சேலை ஒன்று உடுத்தவுமில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் அவளைப் பின்வரிசையில் இருத்தினார்கள். செத்த வீட்டுக்குப் போனால், "உனக்கென்ன பிள்ளை, அவன் ஒரு நாளைக்கு வந்து நிப்பான்" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் சொன்னவர்களை அவள் மெசினில் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஏசினாள்.

யுத்தம் ஒரு கையால் புருஷனை எடுத்தாலும் மறு கையால் தையல் வேலையைக் கொடுத்தது. குண்டு விழுந்த அடுத்த வருடம் சீமையிலிருந்து பெண்கள் படை ஒன்று கொழும்பில் வந்து இறங்கியது. வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரப் பெட்டைகள். கொட்டாஞ்சேனை அவர்களுக்கு 'நேவி மிஸ்மார்' என்று பெயர் வைத்தது. சீமைத் தையல் கொழும்பு வெயிலுக்கு இறுக்கமாக இருந்ததால், கன்னியர் மடத்தில் இங்கிலீஷ் படித்த தையல்காரியைத் தேடி அவர்கள் நேசத்தின் வாசலுக்கு வந்தார்கள்.

டொறத்தி வந்ததும் அப்படித்தான். மூக்கெல்லாம் வெயில் போட்ட புள்ளி, வாயெல்லாம் சிரிப்பு. ஒரு நாள் பரசூட் தைக்கிற வெள்ளைப் பட்டு ஒரு பெரிய சுருளாகக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். பிராங்க் என்று ஒரு நீர்மூழ்கிக் கப்பல்காரன். அவனைக் கட்டப் போகிறாளாம். பட்டும் அவன் எங்கேயோ தேடிப் பிடித்துக் கொடுத்ததுதானாம்.

"வீட்டில் சம்மதமா மிஸ்?" என்று நேசம் கேட்டாள்.

"வீட்டுக்குச் சொல்ல மாதக் கணக்காகும். கொமாண்டர் சம்மதித்துவிட்டார், அதுதான் முக்கியம்" என்றாள் டொறத்தி.

தகப்பனைக் கேட்காமல் கொமாண்டரைக் கேட்டுக் கலியாணம் கட்டுகிற சாதியும் உலகத்தில் இருக்கிறதே என்று நேசம் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நினைத்தாள். அந்த நேரம் எதிர் ஒழுங்கையிலிருந்து ஒரு பிரேதம் போனது. பின்னால் வெள்ளைச் சேலை உடுத்திய பெண்ணொருத்தியை இருவர் தாங்கிப் பிடித்து வாசல்வரை வந்தார்கள். டொறத்தி யன்னலால் எட்டிப் பார்த்து, "அவள் மணப்பெண்ணா?" என்று கேட்டாள்.

"ஐயோ மிஸ்! எங்கள் ஊரில் வெள்ளை, புருஷன் செத்தவளுக்கு."

டொறத்தி தன் தோளில் கிடந்த பட்டைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நேசமும் சிரித்தாள். செத்த வீட்டை வைத்துச் சிரித்தது பாவம் என்று பிறகு அவளுக்கு மனம் உறுத்தியது.

அந்தக் கலியாணச் சட்டை அரைவாசி தைத்தபடி அலுமாரிக்குள் போனது. திருகோணமலையிலிருந்து போன பிராங்கின் கப்பல் திரும்பவில்லை என்று இன்னொரு நேவி மிஸ் வந்து சொன்னாள். நேசம் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். கொளுத்தும்போது, தன்னைப்போல இன்னொருத்தி என்று ஒரு கள்ள ஆறுதலும் வந்தது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் டொறத்தி அவளைப்போல இருக்கவில்லை. சில மாதம் கழித்து வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். "அந்தச் சட்டையை முடித்துத் தா. இடுப்பைக் கொஞ்சம் பிடிக்க வேண்டும்" என்றாள். மாப்பிள்ளை ஹரல்ட், பிராங்கின் சிநேகிதன்.

நேசத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரம் காயமுன் அடுத்தவனா? அதுவும் அவன் கொடுத்த பட்டிலேயே? அரைவாசிச் சட்டையைப் போடவைத்து, அளவெடுக்கிற நாடாவை இடுப்பில் கொஞ்சம் இறுக்கித்தான் சுற்றினாள்.

"பிராங்க் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்? ஒரு வேளை வந்தால்?"

டொறத்தி சுவர்ப் பக்கம் திரும்பினாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்கள் கந்தோரில் ஒரு பெரிய மேசை இருக்கிறது. அதில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு மரத்துண்டு. அன்றைக்கு என் முறை. அவனுடைய துண்டை மேசையிலிருந்து எடுத்தது நான்தான்."

அந்த மேசையைப் பற்றிக் கொட்டாஞ்சேனை முழுக்க முன்பே தெரியும். பிறிஜெற்றின் தம்பி சூசைதாசன் அந்தக் கந்தோரில் தேநீர் கொடுக்கிறவன். "எந்தக் கப்பல் எங்க நிக்குது, எது கடலுக்குள்ள தாண்டது எண்டு அந்தப் பெட்டையளுக்குத் தெரியாதது ஒண்டுமில்லை" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். நேசம் இத்தனை நாளாகக் கேட்கப் பயந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

"மிஸ், ஹார்டிங் என்று ஒரு கப்பல். அதில்தான் என் புருஷன் போனான்."

டொறத்தியின் முகம் அடைத்த கதவாகிவிட்டது. "அதைப் பற்றி என்னிடம் கேட்காதே, நேசம். நான் சொன்னதே பிழை. என்னைச் சிறையில் போடுவார்கள்." ஊசிகள் குத்தினபடியே சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

அடுத்த முறை வந்தபோது சட்டை தயாராக இருந்தது. டொறத்தி அதைப் போட்டுப் பார்த்தாள், கழற்றினாள், மடித்தாள். பிறகு மிஞ்சிய பட்டை எடுத்து நேசத்தின் இரண்டு கைகளிலும் வைத்து, கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இது உனக்கு. நீயே வைத்துக்கொள்" என்றாள். கண்ணால் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமலே போய்விட்டாள்.

வேலிப் பக்கமிருந்து இதைப் பார்த்த பிறிஜெற் உள்ளே வந்து துணியைத் தொட்டாள். தொட்ட கையை அப்படியே நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ நேசம்! கோடியெல்லே தந்திட்டுப் போறாள்!"

சைவ வீடுகளில் புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவருகிற துணிதான் கோடி. வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்களுக்கு அப்படி ஒரு சடங்கு இல்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் மதிலுக்கு இந்தப் பக்கம் வேதம், அந்தப் பக்கம் சைவம். வழக்கத்துக்கு மதில் ஏறத் தெரியாதா என்ன?

"அக்கா, அவள் வெள்ளைக்காரி. அவளுக்குக் கோடி எண்டால் என்னெண்டு தெரியும்?"

"நீதானேடி சொல்லிக் குடுத்தனி, வெள்ளை செத்தவன்ர பெண்சாதிக்கு எண்டு! வாயால சொன்னால் மறியலில போடுவினம். அதுதான் கையால சொல்லிப்போட்டுப் போறாள். அழுதவளெல்லோ?"

நேசம் துணியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறிஜெற் சொன்னது சரிபோல இருந்தது. மறு நிமிடம், மிஞ்சிய துணியைக் கொடுத்ததுக்கு இப்படியும் ஒரு கதையா என்று இருந்தது. தெரிந்துதான் தந்தாளா, தெரியாமல் தந்தாளா? தெரியாமல் என்றால் ஏன் அழுதாள்? அன்றைக்கு மெசின் ஓடவே இல்லை. அது பெரிய வெள்ளியும் இல்லை.

மறுநாள் மாதா கோயிலுக்குப் போனாள்.

"சிறிலுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கவேணும் சுவாமி."

"ஆத்துமாவுக்கோ, சுகத்துக்கோ?" என்று பங்குச் சுவாமி வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

நேசம் முந்தானையை விரலில் சுற்றினாள். "அவருக்கு எது தேவையோ அதுக்கு, சுவாமி."

"அப்பிடிச் செய்ய ஏலாது பிள்ளை. செத்தவருக்கெண்டால் நான் கறுப்பு உடுப்புப் போடவேணும். இருக்கிறவருக்குக் கறுப்புப் போட ஏலுமோ?"

சுவாமிக்கும் உடுப்புத்தான் பிரச்சினை. நேசம் பட்டுக் கதையைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துணி சாட்சி சொல்லாது பிள்ளை. கேட்டுத் தெளிஞ்சுகொண்டு வா" என்றார்.

தெளியும் வரை அவளால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, மாதா படத்துக்கு முன்னால் நின்று தாலிக்கொடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். அந்தப் பட்டில் ஒரு சட்டை வெட்டித் தைத்தாள். கத்தரிக்கோல் போட்டபோது அழுதாள், கை தைக்கும்போது அழுதாள், கழுத்து மடிக்கும்போது அழுகை முடிந்துவிட்டது. அன்றைக்கு அவள் படுத்ததும் நித்திரையாகிவிட்டாள். விடியப் பசித்தது. பாணும் பருப்பும் வாங்கித் தட்டு வழித்துத் தின்றாள். மெசின் ஓடியது, விட்டு விட்டும் இல்லை, ஒரே மூச்சிலும் இல்லை. பிறிஜெற்றுக்கே அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொல்லத் தெரியவில்லை.

கலியாண நாளன்று, டொறத்தியை உடுத்திவிட வெள்ளவத்தைப் பக்கம் நேவி மிஸ்மார் இருந்த கடற்கரைப் பங்களாவுக்கு நேசம் பஸ் ஏறிப் போனாள். வெள்ளைச் சேலை, அந்தப் பட்டுச் சட்டை, வெறுங்கழுத்து. நன்றி சொல்லவேண்டும் என்றுதான் நினைத்துப் போனாள். நல்ல மனசுக்காரி, சட்டத்துக்குப் பயந்தாலும் ஒரு பெண்ணின் வேதனை அறிந்தவள் என்று வழியெல்லாம் நினைத்தாள்.

டொறத்தி நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துக் கையைத் தட்டினாள். "அதிலா தைத்தாய்! எவ்வளவு வடிவாக இருக்கிறது! எங்கே, பக்கத்தில் வந்து நில்." கண்ணாடிக்குள் ஒரே பட்டில் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

நேசம் அந்தத் தட்டிய கைகளைப் பார்த்தாள். செத்தவனுடைய பெண்சாதியைப் பார்த்து யாராவது கை தட்டுவார்களா?

"மிஸ், நீங்கள் இதைத் தந்தது ஹார்டிங் கப்பலுக்காகத்தானே?"

"என்ன?"

"வெள்ளை. நான் உங்களுக்குச் சொன்னேனே. எதிர் ஒழுங்கையில் அந்தப் பிரேதம் போன நாள்."

டொறத்தி அவளுடைய சேலையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். ஒன்றொன்றாக நினைவு வருவது முகத்தில் தெரிந்தது. "கடவுளே" என்று கட்டிலில் இருந்துவிட்டாள்.

"நான் மறந்தே போனேன், நேசம். அது பிராங்க் தந்த பட்டின் கடைசித் துண்டு. ஹரல்டின் வீட்டுக்கு அதைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. அதனால்தான் உன்னிடம் தந்தேன், அதனால்தான் அழுதேன். உன் புருஷனைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. நான் இந்த ஊருக்கு வந்ததே போன வருடம். ஹார்டிங் என்ற பெயரை உன் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன்."

"அப்படியென்றால் அவர் இருக்கிறாரா?"

"தெரியாது. இருக்கலாம்."

இருக்கலாம். மற்றவளாக இருந்தால் அந்தச் சொல்லைக் கேட்டு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருப்பாள். நேசத்துக்கு ஆத்திரம் வந்தது. தெரியாத பெட்டைகளுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரெல்லாம் சொன்ன சூசைதாசன்மேல், பிறிஜெற்மேல், இந்த மணப்பெண்மேல். பிறகு அந்த ஆத்திரம் தன்மேலேயே திரும்பியது. சிறில் இருக்கலாம் என்றவுடன் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷமா? இல்லையே! ஐயோ, இனித் திரும்பவும் நித்திரை இல்லையே என்பதுதானே? அவளுக்குத் திரும்பக் கிடைத்தது சிறில் இல்லை, வழி பார்த்துக்கொண்டிருப்பதுதான். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

டொறத்தியை அவள் மனதுக்குள் வைதது எவ்வளவு பிழை என்பதும் அப்போது புரிந்தது. இவள் கல் மனசுக்காரி இல்லை. இவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். தன் கையால் அந்த மரத்துண்டை எடுத்தவள் என்பதால்தான் இன்றைக்கு இவளால் இன்னொருவனிடம் நடந்துபோக முடிகிறது.

நேசம் கைப்பையிலிருந்து தாலிக்கொடியை எடுத்தாள். கழுத்துக்குப் பின்னால் கொளுக்கி கொழுவவில்லை. டொறத்தி எழுந்து பின்னால் வந்து அதைக் கொழுவிவிட்டாள். கலியாணத்தில் மாப்பிள்ளையின் தங்கச்சி செய்கிற வேலை அது. சிறிலுக்குத் தங்கச்சி இல்லாததால் அன்றைக்கும் யாரோ ஒருத்திதான் செய்தாள். நேசம் அழுதாள். டொறத்தி அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். அவளுக்கு விளங்கப்படுத்த நேசத்தின் இங்கிலீஷ் போதவில்லை. தமிழும் போதாது.

மணப்பெண்ணை உடுத்தி, தொங்கலைச் சரிபார்த்து, காரில் ஏற்றிவிட்டு அவள் பஸ் பிடித்தாள். ஒழுங்கை முனையில் பிறிஜெற் காத்து நின்றாள். கழுத்தைப் பார்த்ததும், "ஆள் இருக்கிறானாமோ?" என்று கத்தினாள். "தெரியாதாம் அக்கா" என்று சொல்லிவிட்டு நேசம் நிற்காமல் கோயிலுக்குப் போனாள்.

"என்ன பிள்ளை, தெளிஞ்சுதோ?" என்றார் சுவாமி.

"சுகத்துக்குத்தான் பூசை வைக்கவேணும், சுவாமி."

"நல்லது. சிறிலின்ர சுகத்துக்கு..."

"இல்லைச் சுவாமி. என்ர சுகத்துக்கு."

சுவாமி வெள்ளைச் சேலையையும் தாலிக்கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பூசைக் கொப்பியைத் திறந்து அவளுடைய பெயரை எழுதினார். "நாளைக்கு முதல் பூசை. நேரத்துக்கு வா" என்றார்.