வாயில் கரைந்த பத்து நிமிடம்

"நான் ஒருதடவை முழுசா பத்து நிமிஷம் வாயே திறக்காம இருந்திருக்கேன்!"

சாப்பாட்டு மேஜையில் அண்ணன் இப்படி அறிவித்ததும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மருமகனுக்குப் புரை ஏறியது. அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அண்ணன் ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்தே ஓய்வுபெற்றவர். வீட்டில் பட்டப்பெயர் ஸ்பீக்கர். வண்டிகள் இல்லாத குறையை வீட்டாரை வைத்துத் தீர்த்துக்கொண்டார். யாராவது குளியலறைக்குள் போனால் புறப்பாடு, வெளியே வந்தால் வருகை, தாமதமானால் "சிரமத்துக்கு வருந்துகிறோம்." அவர் தூக்கத்தில் பேசியதைக் கேட்டு, பக்கத்துத் தெருக்காரர்கள் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டதாகக்கூடக் கேள்வி.

"நம்பலேன்னா இவளைக் கேளுங்க" என்று தங்கையைக் காட்டினார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. மருந்துக்கடை நடத்தும் தங்கை, பிறந்ததிலிருந்து அண்ணன் சொன்ன ஒன்றையும் ஒப்புக்கொண்டதில்லை. அந்தச் சாதனையை இன்றைக்கு உடைப்பதா? அவளுக்கு அந்த நாள் அப்படியே கண் முன்னால் வந்தது.

அப்போது அண்ணனின் கண்களில் புரை முற்றியிருந்தது. கதவில் தொங்கிய சட்டையை மருமகன் என்று நினைத்து நலம் விசாரிக்கும் அளவுக்கு முற்றல். டாக்டர் ஆபரேஷனுக்குத் தயார், ரத்த அழுத்தம்தான் இறங்கி வருவதாயில்லை. மாத்திரை போட்டும் ஒவ்வொரு தடவையும் எகிறி நின்றது. தேதி தள்ளிக்கொண்டே போனது.

இந்த நேரத்தில், கறுப்புச் சாக்லேட் ரத்தக்குழாய்க்கு நல்லது என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். கட்டி கட்டியாக விழுங்கிவிட்டு, உதடெல்லாம் கறுப்பாகத் தங்கையின் கடையில் வந்து நின்றார்.

"அண்ணா, நல்லதுதான், இல்லேன்னு சொல்லல. கோகோ நெறைய இருந்தா ரத்தக்குழாய் கொஞ்சம் தளருமாம். கொஞ்சம்! நீ முழுங்கற அளவுக்கு உள்ள போறது சர்க்கரையும் கொழுப்பும்தான்."

"அப்ப எவ்வளவுதான் திங்கறது?"

"ஒரு நாளைக்கு ஒரு சின்னத் துண்டு. கடிக்காம நாக்குல வெச்சுக் கரைய விடு. மாத்திரைய நிறுத்தினேன்னு தெரிஞ்சுது, அண்ணிகிட்ட போட்டுக் குடுத்துடுவேன்."

அடுத்த பரிசோதனைக்கு அவள்தான் கூட்டிப்போனாள். வரிசையில் காத்திருந்தபோது, அன்றைய பங்கைத் தங்கக்கட்டி மாதிரி பிரித்து நாக்கில் வைத்தார் அண்ணன். நேரம் போவதே தெரியாமல் அதிலேயே லயித்துக் கிடந்தவரை நர்ஸ் கூப்பிட்டாள். போன தடவைகளில் கையில் பட்டை கட்டிய நிமிடமே, வழி தவறிய சரக்கு வண்டியின் கதையை ஆரம்பித்து, பட்டை இறுகும்போது பிரேக் சத்தமும் போட்டுக் காட்டியவர். அன்றைக்கு மூச்! வாயைத் திறந்தால் கதையோடு துண்டும் வெளியே வந்துவிடும்; போனால் அடுத்த துண்டு நாளைக்குத்தான்.

நர்ஸ் பயந்துபோனாள். "ஏங்க, உங்க அண்ணனுக்குத் தொண்டை ஏதும் கட்டிக்கிச்சா?"

தங்கை எட்டிப் பார்த்தாள். கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. அண்ணன் ஒரு விரலை உயர்த்தினார், வண்டியை நிறுத்தும் சிக்னல் மாதிரி.

மானியில் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. நர்ஸ் நம்பாமல் மறு கையிலும் பார்த்தாள். அங்கேயும் இறக்கம்தான். ஆபரேஷன் உறுதியானது.

ஆனால் தங்கைக்கு ஒரு குறுகுறுப்பு அடங்கவில்லை. நாக்கில் வைத்த துண்டு வயிற்றுக்கே போய்ச் சேரவில்லை, அதற்குள் ரத்தத்தில் என்ன வேலை செய்திருக்கும்? வீட்டில் அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். பேசவிட்டு அளந்தாள்: ஏறியது. துண்டோடு அளந்தாள்: இறங்கியது. துண்டு இல்லாமல் வாயை மட்டும் பொத்தி அளந்தாள்: அப்போதும் இறங்கியது! அளக்கும்போது பேசக்கூடாது என்று கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் சொல்பவள் அவள். சொந்த அண்ணனிடம் சொல்லத் தோன்றவே இல்லை. அவர் பேச்சு அந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம் மாதிரி. ஓடுவதே யார் காதிலும் விழாது.

"சாக்லேட்டோட பங்கு கொஞ்சம் இருந்தா இருக்கும் அண்ணா. மிச்சமெல்லாம் உன் வாயோட பங்கு!"

"எதுவா இருந்தா என்ன, வாயை மூடினது சாக்லேட்தானே?" என்றார் அவர்.

"அத்தை, நெஜமாவா?" மருமகன் மேஜையைத் தட்டினான். "மாமா பேசாம இருந்தாரா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். சாப்பாடு முடிந்து அன்றைய துண்டை நாக்கில் வைத்துவிட்டிருந்தார். தனக்காகத் தானே வாதாட வழியில்லை. புதுக்கண்கள் இரண்டும் பளபளக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றாள் தங்கை, மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்குகிறவள் மாதிரி. "நடந்தது. பத்து நிமிஷத்துக்கு மேலயே இருக்கும். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."