மூன்று பாட்டில் பெட்ரோல்

ராத்திரி நிறுத்திவைத்த வண்டியில் விடிந்ததும் பெட்ரோல் குறைந்திருந்தால் நீங்கள் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? வெல்டர் தன் மச்சினனைச் சந்தேகப்பட்டார்.

வேலை தேடி வந்தவன். மூன்று மாதமாக அவர்களுடைய ஒற்றை அறையில், திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். அவன் கையில் எப்போதும் பெட்ரோல் வாசனை. வெல்டர் டேங்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். தினமும் இரண்டு விரல் குறைந்தது. பூட்டு வைத்த மூடி வாங்கி மாட்டினார். அப்படியும் குறைந்தது. பயல் கள்ளச்சாவி போட்டுவிட்டான் என்று முடிவுகட்டினார். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று மனைவி சொன்னாள். அவள் அவ்வளவு வேகமாகச் சொன்னதும் அவருக்கு உறுத்தியது.

பூட்டு மாட்டிய மூன்றாம் நாள் காலை, மச்சினனின் கட்டிலுக்கு அடியில் மூன்று பாட்டில் அகப்பட்டது. மூன்றிலும் பெட்ரோல்.

"சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள உண்மையச் சொல்லு. இல்லன்னா பையைக் கட்டு."

சொல்லிவிட்டு வெல்டர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அன்று பார்த்து, எத்தனை உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார். கழற்றிய ப்ளக் சொதசொதவென்று நனைந்திருந்தது. மெக்கானிக் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருந்த மிதவையைக் காட்டினார். பெட்ரோல் நிறைந்ததும் அது எழும்பி, ஊசியைத் தள்ளி, வழியை அடைக்க வேண்டும். மிதவையின் நாக்கு வளைந்திருந்ததால் அடைக்கவில்லை. டேங்கிலிருந்து வரும் பெட்ரோலை நிறுத்தும் டேப்பும் தேய்ந்து, மூடினாலும் நிறுத்தவில்லை. ராத்திரி முழுக்க வழிந்ததெல்லாம் கீழ்க்குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

"யாரோ கொறடு போட்டு வளைச்சிருக்காங்க. மைலேஜ் ஏத்தப் பாத்து, தப்புப் பக்கம் வளைச்சிட்டாங்க. வீட்லயே ஒரு மெக்கானிக் வச்சிருக்கீங்க போல?"

வெல்டர் சிரிக்கவில்லை. இரண்டையும் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

"நீயாடா கழட்டின?"

"ஆமா மாமா. உங்களுக்கு மிச்சமாகட்டும்னுதான். ஒழுக ஆரம்பிச்சதும் பயந்துட்டேன். ராத்திரி குழாய்க்கு அடியில பாட்டில் வச்சு, நிரம்பி வழிஞ்சது போக, புடிச்சத நீங்க பல்லு வெளக்குற நேரத்துல திரும்ப ஊத்திடுவேன். பூட்டு போட்டப்புறம் ஊத்த முடியல."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"வேலையும் இல்ல, இருக்குற வண்டியையும் கெடுத்துட்டான்னு சொல்வீங்களே."

வெல்டர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மச்சினன் புனல் பிடிக்க, மூன்றையும் டேங்கில் ஊற்றினார். மனைவி வாசலில் நின்று, இத்தனை நாளில் இன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்கிறீர்கள் என்று கிண்டலடித்தாள். ஊற்றி முடித்ததும், கைப்பழக்கத்தில் வெல்டர் மூடியைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புனலைத் துடைத்துக்கொண்டிருந்த மச்சினன் அதைப் பார்த்தான்.

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் தரை காய்ந்திருந்தது. மச்சினன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான்.