பாட்டை நிறுத்தக் காசு

அந்த பிளம்பருக்குக் கேட்பவர் காதைப் பொத்திக்கொள்ளும் குரல். அக்கா மகன் மூளையில் கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவனைச் சிரிக்க வைக்கவே பாடுவார். "மாமா, காசு தரேன், நிறுத்துங்க" என்று அவன் சிரித்துக்கொண்டே கெஞ்சுவான்.

அவன் இறந்த மறுவருடம், குழந்தைகளின் மூளைக் கட்டி ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, அவன் படம் ஒட்டிய உண்டியலோடு கடைத்தெருவில் நின்றார். 'காசு போட்டால் பாட்டை நிறுத்துவேன்' என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்.

பாட ஆரம்பித்ததுமே மருந்துக் கடைக்காரர் ஓடிவந்து காசு போட்டார். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மறுபடியும் பாட்டு. "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று தையல்காரர் நோட்டை நீட்டினார். தெருவே சிரித்தது.

மகன் போனதிலிருந்து யாரோடும் சரியாகப் பேசாத அக்கா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உண்டியலில் நோட்டைத் திணித்தாள். தம்பி வாயை மூடிக்கொண்டார்.

"இது நிறுத்துறதுக்கு இல்லடா. பாடு."

அவர் பாட, அவளும் சேர்ந்துகொண்டாள். அவள் குரல் அதைவிட மோசம்.

"குடும்பமே இப்படித்தானா?" என்று மருந்துக் கடைக்காரர் மறுபடி பர்ஸைத் திறந்தார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் தம்பியின் தோளில் சாய்ந்தாள்.