இருபத்தெட்டு நிமிஷம்

எங்கள் ஊரில் இரண்டே ஆஸ்பத்திரி. பெரியது ஒரு கம்பெனியுடையது. சின்னது மூன்று டாக்டர்கள் சேர்ந்து நடத்துவது. பன்னிரண்டு வருஷமாகச் சின்னதில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். என் அக்கா அங்கேயே நாலாம் நம்பர் கட்டிலில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் படுக்கிறாள். இப்போது பெரியது சின்னதை வாங்கப் போகிறது. இணைப்பு என்கிறார்கள். பாம்பும் தவளையும்கூட இப்படித்தான் இணைகின்றன.

இணைந்த கையோடு சின்னதில் டயாலிசிஸை மூடிவிடுவார்கள். பெரியதில் வாங்கும் கட்டணம் அக்காவுக்குக் கனவிலும் கட்டுப்படியாகாது. மிச்சம் இருப்பது அடுத்த ஊர் ஆஸ்பத்திரி. வழியில் ஒரு லெவல் கிராசிங், குவாரி லாரிகள், இடிந்த பாலத்தைச் சுற்றிப் போகும் மண்பாதை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். டயாலிசிஸ் முடிந்த உடம்பு அந்தப் பாதையில் குலுங்கினால் என்ன ஆகும் என்று நான் வண்டிக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

வைத்தியம் மொத்தமும் ஒரே முதலாளி கைக்குப் போகலாமா கூடாதா என்று முடிவு செய்வது போட்டி ஆணையம். நகராட்சி மண்டபத்தில் விசாரணை வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம்.

"நீ போய்ப் பேசு," என்றாள் அக்கா.

"நான் என்னத்தக்கா பேசுறது? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கிளட்சும் பிரேக்கும்தான்."

"ரோடு தெரியும்ல, அதச் சொல்லு. வீட்ல எங்கிட்ட மட்டும் முழ நீளத்துக்கு வாய் நீளுது. அங்கயும் கொஞ்சம் நீட்டு."

நீட்டினேன். அடுத்த ஊருக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று மைக்கில் சொன்னேன். மேடையில் இருந்த ஆணையத்து அதிகாரி அம்மா தன் கையாலேயே எழுதிக்கொண்டார். அப்போது கம்பெனி வக்கீல் எழுந்து ஒரு கட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். எங்கள் ஆம்புலன்ஸ் பயணப் புத்தகத்தின் நகல்.

"கையெழுத்து உங்களுதுதானே? வாசிங்க."

புறப்பட்டது பத்து பத்து, சேர்ந்தது பத்து முப்பத்தெட்டு. அடுத்த பக்கம் புறப்பட்டது ஏழு மணி, சேர்ந்தது ஏழு இருபத்தெட்டு. மழைக்காலத்திலும் இருபத்தெட்டு. பாலம் இடிந்த வாரத்திலும் இருபத்தெட்டு.

"அடுத்த ஊருக்கு நானூறு பயணத்துக்கு மேல இருக்கு. அத்தனையும் இருபத்தெட்டு நிமிஷம். அரை மணிக்குள்ள இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கப்ப, நோயாளிக்கு வேற வழி இல்லன்னு எப்படிச் சொல்றது? இவரோட பேனாவே சொல்லுதே."

சொந்தச் செருப்பாலேயே அடி வாங்கினால் எங்கே போய்ச் சொல்வது?

விஷயம் இதுதான். முப்பது நிமிஷத்துக்கு மேல் ஆனால் டிரைவர் விளக்கக் கடிதம் எழுத வேண்டும், மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ரயில் வந்ததற்கு நான் என்ன விளக்கம் எழுதுவது? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மூத்த டிரைவர் சொல்லிவிட்டார்: "இருபத்தெட்டுனு போடு. முப்பதுன்னா சந்தேகம் வரும்." அவர் குரலுக்காக அவரை சைரன் என்போம். அன்றிலிருந்து எல்லோரும் இருபத்தெட்டு.

"புத்தகத்துல இருக்கிறது பொய்ங்க," என்றேன். இரண்டாம் வரிசையில் எங்கள் மேனேஜர் நிமிர்ந்தார்.

"பொய் எழுதினவர் இப்ப மட்டும் உண்மை பேசுறாராம்," என்றார் வக்கீல். மண்டபம் சிரித்தது. அதிகாரி அம்மா பின்னால் உட்கார்ந்திருந்த சைரனைக் கேட்டார். ஊரையே எழுப்பும் அந்தத் தொண்டை அன்று கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இருபத்தெட்டுதாங்க."

வெளியே வந்ததும் அவர் என்னிடம், "எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான்டா சர்வீஸ் இருக்கு," என்றார். நான் வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

அதிகாரி அம்மா ஒன்று செய்தார். மறுநாள் காலை வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், கையில் தன் கடிகாரத்தோடு. வக்கீல் பின்னால் ஸ்ட்ரெச்சர் பக்கத்துப் பெஞ்சில். ஒன்பது மணி ஐந்துக்குப் புறப்பட்டோம்.

லெவல் கிராசிங் மூடியிருந்தது.

"சைரன் போடுங்களேன்," என்றார் வக்கீல்.

"போடலாங்க. ரயிலு இறங்கி வழி விடாது."

ஒரு சரக்கு ரயில், பின்னால் இன்னொன்று. பதினாறு நிமிஷம். பிறகு குவாரி லாரிகளின் வாலைப் பிடித்து ஊர்ந்தோம். மண்பாதையில் வக்கீலின் தலை கூரையில் இரண்டு முறை இடித்தது. "மெதுவாப் போப்பா," என்றார். மெதுவாகப் போனேன். நோயாளி சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

அடுத்த ஊர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி இரண்டு. ஐம்பத்தேழு நிமிஷம்.

நான் எஞ்சினை அணைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்தேன். புத்தகத்தைத் தொடையில் வைத்து எழுதினேன். புறப்பட்டது ஒன்பது ஐந்து. சேர்ந்தது ஒன்பது முப்பத்து மூன்று.

எழுதி முடித்தபின்தான் எனக்கே உறைத்தது. அதிகாரி அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"கை... பன்னெண்டு வருஷப் பழக்கம்மா." அடித்துத் திருத்தப் போனேன்.

"தொடாதீங்க."

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் பத்து மணி இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்பக்கம் நீட்டி, "நீங்களும் பாத்தீங்கல்ல, போடுங்க," என்றார். வக்கீல் தலையைத் தடவிக்கொண்டே சட்டைப் பையைத் துழாவினார். பேனா இல்லை. நான் என்னுடையதைக் கொடுத்தேன்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் டயாலிசிஸ் பிரிவுல யாரும் கை வைக்கக் கூடாது. இன்னைக்கே எழுத்துல வரும்," என்றார் அதிகாரி அம்மா. தீர்ப்பு எப்படி வரும் என்று கேட்டேன். புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

திரும்பி வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். பொய்யாக எழுதியதற்கு விளக்கக் கடிதம் வேண்டும், அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்றார். எந்தக் கடிதத்துக்குப் பயந்து பன்னிரண்டு வருஷம் இருபத்தெட்டு போட்டேனோ, அதே கடிதம்.

அக்கா நாலாம் நம்பர் கட்டிலில் இருந்தாள். ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலின் கம்பியை அவள் ஒருமுறை பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

"வேலை போயிருமாடா?"

"போனாலும் போகும்."

"பேப்பர் எடு. நான் சொல்றேன், நீ எழுது," என்றாள். "மணி வர்ற எடத்துல மட்டும் பேனாவ எங்கிட்ட குடுத்துரு."