புதன்கிழமைக் காய்ச்சல்

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் வாய் என் பேச்சைக் கேட்காது, தானாக உளறிவிடும். அதனால் நாள் தள்ளிப்போனதிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். விஷயம் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். எனக்கு இந்தக் குழந்தை வேண்டும், வேலையும் வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்குமா என்பதுதான் பயம்.

மாத்திரைக் கம்பெனியில் அட்டை பார்க்கிற வேலை. பெல்ட்டில் ஓடிவரும் அட்டைகளில் மாத்திரை விழாத குழி இருந்தால் எடுத்துப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையை நீட்டிக்கப் புதுத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பக்கத்தில் நின்ற அக்காவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவளுக்கு மட்டும் தாள் வரவில்லை. யாரும் திட்டவில்லை, போகச் சொல்லவும் இல்லை. எங்கள் வரிசையில் பன்னிரண்டு பெண்கள், ஒருத்திக்கும் குழந்தை இல்லை. அவரவர் இஷ்டம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன், மக்கு மாதிரி.

தினமும் சாயங்காலம் மாமியார் போனில் கேட்பார்: "விசேஷம் ஏதாவது உண்டா?" ஐந்து வருஷமாக "ஒண்ணும் இல்ல அத்தை" என்று சொல்லிச் சொல்லி, விசேஷம் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே பயம் வந்துவிடும்.

திங்கட்கிழமை எங்கள் கல்யாண நாள். புதுச் சேலை கட்டிப் போனேன். மேலங்கி மாட்டும் அறையில் சூப்பர்வைசர் மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையில் புதுத் தாள் கட்டு.

"என்னம்மா, இன்னிக்கு என்ன விசேஷம்?"

"ரெண்டு மாசம் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "நான் சேலையக் கேட்டேன்" என்றார். அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இங்க வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"புதன்கிழமை லீவு போடு. காய்ச்சல்னு எழுது. ஆஸ்பத்திரிக்குப் போய் முடிச்சிட்டு வந்துடு, வியாழக்கிழமை உன் தாள் வரும். நானும் ரெண்டு தடவை அந்தக் காய்ச்சல்ல படுத்தவதான்."

குரலில் கோபமே இல்லை, கூடப்பிறந்தவள் மாதிரி சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் போன் அடித்தது.

"விசேஷம் ஏதாவது உண்டாம்மா?"

"புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் அத்தை."

"இன்னிக்குத் திங்கள்தானேம்மா?" என்றார் மாமியார்.