இன்ஷா அல்லாஹ் பாய்

பம்ப்பை அதன் இடத்தில் உட்காரவைத்துக் கடைசித் திருகை முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. வாஷிங் மெஷினின் முதுகுத் தகடு கழன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. பால்கனித் தரையில் ஒரு கையை ஊன்றி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏறக்குறைய மெஷினுக்குள்ளேயே தலையை விட்டிருந்தார் அவர்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போவியா?" அந்த வீட்டுச் சிறுமியின் குரல்.

"இன்ஷா அல்லாஹ்" என்றார் அவளுடைய அப்பா.

"போப்பா! அப்போ இல்லைன்னு சொல்றே!"

கொல்லென்று ஒரு சிரிப்பு. உடனே ஒரு பெண்குரல், பல்லைக் கடித்துக்கொண்டு: "ஷ்ஷ்... அவரு பால்கனியிலதான் இருக்காரு." அதற்குப் பிறகு ரேடியோவை யாரோ அணைத்துவிட்டதுபோல வீடு அமைதியானது.

அவர்கள் வேறு நம்பிக்கைக்காரர்கள். அந்த வீட்டில் அந்தச் சொல் ஒலித்ததும் முதலில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டார்ச்சைக் கடித்த வாயோடு லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். குழந்தை சொன்னது அதற்குப் பிறகுதான் காதிலிருந்து மண்டைக்குள் இறங்கியது. ஸ்குரூ டிரைவர் கையிலிருந்து நழுவி மெஷினின் அடியில் உருண்டது. அதை எடுக்கத் தோன்றாமல், அந்த இருட்டுக்குள் தலையை வைத்தபடியே சற்று நேரம் இருந்தார். அந்த நேரத்தில் அதைவிட நல்ல இடம் அவருக்கு வேறில்லை.

கடைத்தெருவின் முனையில் ஒற்றை ஷட்டர் கடை அவருடையது. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பார். கைவேலையில் அவரைக் குறை சொன்னவர்கள் கிடையாது. ஐந்து வேளைத் தொழுகை தவறாது. பள்ளிவாசலில் முதல் வரிசை. வேலை செய்யும்போது ஒரு காதில் பயான், மார்க்கச் சொற்பொழிவு, ஓடிக்கொண்டே இருக்கும். கோபத்தை அடக்குவது எப்படி, நாவைப் பேணுவது எப்படி, நேற்றைவிட இன்று நல்ல மனிதனாவது எப்படி. மனதைத் தொட்ட பேச்சுகளை வெள்ளிக்கிழமைதோறும் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அனுப்பிவைப்பார். உதிரிபாகக் கடையில் ஒருமுறை யாரோ "இன்ஷா அல்லாஹ் பாய் வந்திருக்காரு" என்று உள்ளே குரல் கொடுத்ததைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "பாத்தியா, ஊருல எனக்கு எப்படிப் பேரு வச்சிருக்காங்கன்னு." அவள் "ம்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த 'ம்'மை அன்று அவர் கவனிக்கவில்லை.

அந்தச் சொல்லை அவருக்கு ஊட்டியது அவருடைய உம்மா. நாளை என்பது நம் கையில் இல்லை, அதனால் இறைவன் நாடினால் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். உம்மா அதைச் சொல்லாமல் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் சொல்லும்போதே பெரும்பாலும் அவளுடைய ஒரு கால் கிளம்புவதற்காகச் செருப்புக்குள் போயிருக்கும். சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு செருப்பை விட்டுவிட்டோமே என்று மெஷினுக்குள் தலையை வைத்திருந்த அவருக்குத் தோன்றியது.

இந்த வீட்டு அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லை என்று ஆசிரியை கூப்பிட்ட மறுநாளே வந்து, பம்ப் போய்விட்டதென்று சொல்லி, கையோடு அதைக் கழற்றி எடுத்துப்போனார். புதியது அந்த வாரமே கடைக்கு வந்துவிட்டது. வந்து, அட்டைப்பெட்டியோடு அலமாரியில் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. இடையில் தரைத்தளத்தில், பக்கத்துத் தெருவில், சுலபமான வேலைகள் வந்தன. ஆசிரியை போன் செய்யும்போதெல்லாம் "நாளைக்கு வந்துடறேன் டீச்சர், இன்ஷா அல்லாஹ்" என்றார். பிறகு "பார்ட் வந்ததும் வரேன், இன்ஷா அல்லாஹ்" என்றார். பார்ட் தோளுக்குப் பின்னால்தான் இருந்தது. பொய் சொல்கிறோம் என்றே அவருக்குப் படவில்லை. இறைவன் பெயரைச் சேர்த்துச் சொன்னது பொய்யாகிவிடுமா என்ன? மாதம் ஒன்று ஓடிவிட்டது. போன வெள்ளிக்கிழமை அமானிதம், நம்பி ஒப்படைத்ததைப் பேணுவது, பற்றிய ஒரு பேச்சை ஆசிரியைக்கும் அனுப்பியிருந்தார். பதில் வந்தது: "நல்ல பேச்சு பாய். மெஷின் எப்போ?"

தகட்டை மூடிவிட்டு எழுந்தபோதுதான் பால்கனியைச் சரியாகப் பார்த்தார். கொடி முழுக்கப் படுக்கை விரிப்புகள். ஒரு வாளியில் இன்னும் இரண்டு ஊறிக்கொண்டிருந்தன. சோப்பையும் மீறி ஒரு வாடை. உள்ளறையில் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிற மாமியார் ஒருவர் உண்டு என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஆசிரியை டீ கொண்டுவந்து நீட்டினார். விரல் மூட்டுகளெல்லாம் தோலுரிந்து சிவந்திருந்தன. அவர் பார்ப்பதைப் பார்த்ததும் ஆசிரியை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

கணவர் பின்னாலேயே வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க பாய். புள்ளைங்க ஏதோ விளையாட்டுக்கு..."

"இல்ல சார். பரவால்ல சார்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தப்புச் செய்தவரிடம் வந்து அவர்கள் மன்னிப்புக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

மெஷினை ஓட்டிக் காட்டினார். தண்ணீர் வெளியேறியது, ஆனால் பின்பக்க ஹோஸில் வெடிப்பு இருந்தது. டேப் சுற்றிக் கொடுத்தார். "கொஞ்சம் கொஞ்சமா துணி போடுங்க டீச்சர். ஹோஸ் புதுசு மாத்தணும்."

"எப்போ வருவீங்க?"

சாதாரணமான கேள்விதான். ஆனால் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். சிறுமி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வரப்போகிற சொல்லுக்காக உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

"ஞாயித்துக்கிழமை. காலைல பத்து மணிக்கு."

மாலை அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் நுழைந்தவர் முதல் வரிசைக்குப் போகவில்லை. தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்துத் தலையசைத்து இடம்விட்டார்கள். காலில் வலி என்பதுபோல் சைகை காட்டிவிட்டுக் கடைசியில், செருப்பு வைக்கும் இடத்தை ஒட்டி நின்றார். அதுவும் ஒரு பொய் என்று தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. நெற்றி தரையில் பட்டபோது கேட்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. அந்த வீட்டுக்கு இறைவனைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்கு 'இல்லை' என்று பொருள் சொல்லிக்கொடுத்தது தான்தான். இதை எந்த வாயால் அவனிடம் எடுத்துச் சொல்வது?

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். சிரிப்பாள், இல்லை ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் குழம்புச் சட்டியை மூடிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன், உனக்கும் தெரியுமா அந்தப் பேருக்கு அர்த்தம்?"

"ஊருக்கே தெரியும்."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எத்தன தடவ சொல்றது? சமையக்கட்டுக் குழாய் ஒழுகுதுன்னு சொன்னேன். நீங்க அந்த வார்த்தையச் சொன்னீங்க. சரின்னு அன்னிக்கே பிளம்பரக் கூப்பிட்டுட்டேன். குழாய் ஒழுகலைன்னுகூட நீங்க கவனிக்கல." தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "அதெல்லாம் போகட்டும். உங்க மகன் கடைசியா உங்ககிட்ட என்ன கேட்டான், சொல்லுங்க பாப்போம்."

யோசித்தார். மகனுக்குப் பதினைந்து வயது. அடம் பிடிக்காத பிள்ளை, எதற்கும் நச்சரிக்க மாட்டான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் என்ன கேட்டான்? எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அவன் எல்லாத்துக்கும் என் தம்பிகிட்டதான் போறான். ஸ்கூல்ல அப்பாவக் கூட்டிட்டு வரச் சொன்னாக்கூட மாமாவத்தான் கூட்டிட்டுப் போறான். உங்ககிட்ட கேக்க வேணாம்னு நானும் சொல்லல. அவனாவே நிறுத்திட்டான்."

அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மகன் பாடத்தை முணுமுணுக்கும் சத்தம். அவர் எழுந்து கதவுவரை போனார். என்ன சொல்லித் தட்டுவது என்று தெரியவில்லை. சோற்றுக் கை காய்ந்துபோகும்வரை அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பிவந்தார்.

மறுநாள் கடையைத் திறந்ததும் இழுத்தடித்துக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். செய்ய முடிந்த வேலைக்கு நாள் சொன்னார். முடியாததற்கு, "என்னால இந்த மாசம் வர முடியாதுங்க, வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றார். முதல்முறை அதைச் சொல்லும்போது நாக்கு குழறியது. மறுமுனையில் இருந்தவர் ஒரு தையற்காரர். "அட, இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஃபிரிட்ஜ அன்னிக்கே வேற எடத்துல குடுத்திருப்பேனே பாய். எனக்கென்ன உங்க மேல கோவமா?" என்றார். இல்லை என்ற சொல்லுக்கு இவ்வளவு மரியாதை இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஆனால் நாள் முழுக்க இன்ஷா அல்லாஹ் என்பதை மட்டும் உச்சரிக்கவில்லை. அதைச் சேர்க்காமல் கொடுத்த வாக்குகளையெல்லாம் காப்பாற்றினார். அது மனதை இன்னும் அறுத்தது. இறைவன் பெயர் இல்லாவிட்டால் நேரத்துக்குப் போகிறோம், இருந்தால் போவதில்லை. அப்படியென்றால் இத்தனை வருடமாக அதை எதற்கு வைத்திருந்தோம், மழைக்குக் குடை பிடிப்பதுபோலத் தலைமேல் பிடித்துக்கொள்ளவா?

ஞாயிற்றுக்கிழமை, புது ஹோஸோடு மூன்று மாடி ஏறிப் பத்து மணிக்கு முன்பே அழைப்பு மணியை அழுத்தினார். கதவைத் திறந்த கணவர் தூக்கமில்லாத முகத்தோடு இருந்தார்.

"வாங்க பாய். சொன்னபடி வந்துட்டீங்க." அதில் குத்தல் எதுவும் இல்லை. "வீடு கொஞ்சம் அலங்கோலமா இருக்கு. அம்மாவ ஆஸ்பத்திரில வச்சிருந்து நேத்து சாயங்காலம்தான் கூட்டிட்டு வந்தோம்."

"என்னாச்சு சார்?"

"உடம்புல தண்ணியே இல்லைன்னுட்டாரு டாக்டரு. சிறுநீர்ல இன்ஃபெக்‌ஷன். மூணு வேள பக்கத்துல தண்ணி வச்சுட்டுத்தான் நாங்க வேலைக்குப் போறோம், எப்படின்னு எங்களுக்கே புரியல. அப்புறம் இவ கேட்டுக் கேட்டு அம்மா வாயத் தொறந்தாங்க." அவர் தலையை ஆட்டி, எங்கேயோ கேட்ட அதிசயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். "மெஷின் கெட்டுப்போச்சுல்ல, மருமக கையால தொவைக்கிறாளேன்னு, படுக்கை நனையக் கூடாதுன்னு தண்ணி குடிக்கிறதையே கொறச்சிருக்காங்க. கட்டிலுக்குப் பின்னாடி இருக்கிற பூந்தொட்டியில ஊத்திடுவாங்களாம். வயசானவங்க புத்தி எங்கெல்லாம் போகுது பாருங்க."

அவர் கையிலிருந்த ஹோஸைக் கீழே வைத்தார். வழக்கமாக இந்த இடத்தில் வாயில் வருகிற வாக்கியம் ஒன்று உண்டு. எல்லாம் அவன் நாட்டம், நம்ம கையில என்ன இருக்கு சார். எத்தனையோ வீட்டு வாசலில் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறார். இன்று அது வரவில்லை. அட்டைப்பெட்டியோடு அலமாரியில் இருந்த பம்ப்தான் கண்முன் வந்தது.

"சார், பார்ட் அந்த வாரமே வந்திருச்சு" என்றார். "கடையிலதான் இருந்துச்சு. நான்தான் வரல. டீச்சர்கிட்ட பார்ட் வரலைன்னு பொய் சொன்னேன்."

கணவர் அவரைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. மறுகணம் சோர்வு அதை மூடிக்கொண்டது. "விடுங்க பாய். ஆனைக்கும் அடி சறுக்கும். போயி வேலையப் பாருங்க."

விடுங்க என்றாரே தவிர, தண்ணீர் வேணுமா, டீ வேணுமா என்று கேட்கவில்லை. அவர் பால்கனிக்குப் போய் ஹோஸை மாற்றினார். கிளிப்பை இறுக்கிவிட்டுக் கசிகிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வாளியில் இருந்த விரிப்புகளைப் போட்டு மெஷினை ஓடவிட்டார்.

உள்ளறையிலிருந்து ஆசிரியையின் குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. "இன்னும் ரெண்டு வாய் அத்த. டாக்டர் என்ன சொன்னாரு?"

"போதும்மா."

"நேத்து ராத்திரியும் போதும் போதும்னீங்க. மெஷின் ஓடுது அத்த. சத்தம் கேக்குதுல்ல? பாய் சரி பண்ணிட்டாரு. நம்பலைன்னா அவரையே கேளுங்க." பிறகு கொஞ்சம் உரக்க, "பாய், ஒரு நிமிஷம் இப்படி வாங்களேன்."

கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். உள்ளே வரச் சொன்னார்கள். கட்டிலில் இருந்த அம்மா ஒரு குழந்தையின் அளவுக்கு ஒடுங்கியிருந்தார். மணிக்கட்டில் ஊசி குத்திய இடம் கறுத்திருந்தது. கால்மாட்டில் சிறுமி உட்கார்ந்திருந்தாள். தம்ளரை வந்து நின்றவர் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியை மாமியாரின் தலைக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"நீதான் மெஷின்காரத் தம்பியா?" குரல் காய்ந்த இலைபோல உரசியது.

"ஆமாம்மா."

"நல்லா ஓடுதா?"

"ஓடுதும்மா. குடிங்க." தம்ளரை உதட்டருகே கொண்டுபோனார்.

அம்மா குடிக்கவில்லை. கண்களை உயர்த்தி அவரையே பார்த்தார். "இனிமே நின்னுபோவாதே தம்பி?"

பால்கனியில் மெஷின் ஒரு சுற்றை முடித்து அடுத்த சுற்றுக்குத் திரும்பியது. எந்த மெஷினும் ஒருநாள் நிற்கும். அது தன் கையில் இல்லை. நின்றால் அன்றே இந்தப் படிகளில் ஏறிவருவது மட்டும்தான் தன் கையில் இருக்கிறது. இதைச் சொல்ல அவரிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அதன் முழுக் கனத்தோடு அது நெஞ்சிலிருந்து ஏறிவந்தது. ஆனால் இந்த வீட்டில் அதற்கு 'இல்லை' என்றுதான் பொருள். கால்மாட்டிலிருந்த சிறுமி கண்ணிமைக்காமல் அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்ளரின் விளிம்பு அம்மாவின் மூடிய உதட்டைத் தொட்டபடி இருந்தது. தண்ணீர் உள்ளே மெல்லத் தளும்பிக்கொண்டிருந்தது.