பெயின்ட் ஒரு கடை, பிரஷ் ஒரு கடை

1

இது நடந்தபோது நான் அங்கே இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். பெயின்ட் வாங்கப் போயிருந்தேன். மற்றதில் எது கண்டது, எது பிறகு மனதுக்குள் ஓட்டிப் பார்த்துச் சேர்த்தது என்று பிரிக்கத் தெரியவில்லை. நம்புவது உங்கள் பாடு.

2

"ஓய்வுநாள் என்பது மனிதகுலத்தின்..."

(வேண்டாம். கட்டுரை வாடை.)

புதுச் சட்டம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகளைத் திறக்கக் கூடாது, சிறிய கடைகளுக்குத் தடையில்லை. அந்த ஹார்டுவேர் கடை பெரிய கடைகளின் கணக்கில் மயிரிழையில் சேர்ந்துவிட்டது. கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். கல்யாணமான நாள் முதல் கடையில் நிற்கும் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாரத்தில் ஒருநாளாவது மத்தியானம் வரை தூங்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

கடைக்காரர் விடவில்லை. நடுவே பிளைவுட் தடுப்பு அடித்தார். பெயின்ட் இருந்த பாதி அவர் பெயரில், பிரஷ் இருந்த பாதி அக்கா பெயரில். ஆக, இரண்டு சிறிய கடைகள்.

3

கடைகளைச் சோதிக்கும் ஆய்வாளர் வந்தார். (முதலில் இவருக்கு மீசை வைத்தேன். வில்லன் மாதிரி ஆனார். மழித்துவிட்டேன்.)

"ரெண்டு கடையா?" என்று தடுப்பைத் தட்டினார்.

"ரெண்டு கடை, ரெண்டு ஓனர் சார். எல்லாம் சட்டப்படி," என்றார் கடைக்காரர்.

ஆய்வாளர் அக்காவிடம் திரும்பினார். "உங்க கடை ஞாயித்துக்கிழமை உண்டாம்மா?"

"எங்க கடை லீவு சார்."

"ஏய், என்ன பேசுறே?"

"சார், பக்கத்துக் கடைக்காரர் எதுக்கு நம்ம பேச்சுல மூக்கை நுழைக்கிறாரு?"

பிறகு ஒரு மௌனம். அதற்காகத்தான் இந்தக் கதையையே எழுத உட்கார்ந்தேன்.

"அந்த மௌனத்தில் ஆணிகள்கூட..."

(ஆணிகளுக்கு என்ன வந்தது?)

எப்படி எழுதினாலும் சத்தம் போடுகிறது. இந்த இடத்தில் நீங்களே சற்று நிறுத்திவிட்டு வாருங்கள்.

4

தடுப்பைப் பிடுங்கினால் கடை பெரிதாகிவிடும், சட்டம் மூடிவிடும். விட்டுவைத்தால் பெயின்ட் உண்டு, பிரஷ் கிடையாது. அக்கா மனமிரங்கிச் சாவியைக் கொடுப்பதாகவும் ஒரு முடிவு எழுதினேன். எழுத எழுத அக்கா முறைத்தார். வேறு முடிவு தோன்றினால் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

ஆய்வாளர் மாற்றலாகிப் போனார். கடைக்காரர் சில ஞாயிறுகள் தனியாகத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். அக்கா தூங்குகிறார். தடுப்பை எடுத்துவிடலாமா என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை.